நின்றிருக்கும் சக்கரத்திற்கு எந்த மசகு?

மாட்டுவண்டியின் அச்சுக்கு இடும் வண்டி மையை நம்மில் பலர் கண்டிருக்க மாட்டோம். என் பாட்டனார் அதைத் தம் கையால் செய்தவர். உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மலையேறி வந்து மறையூரில் குடியமர்ந்தவர் அவர். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, அதை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டுக்கொள்வாராம். வெறும் எண்ணெயை ஊற்றினால் என்ன என்று சிறுவயதில் அவரைக் கேட்டேன். "எண்ணெய் ஓடிப்போயிரும் சாமி. கரிதான் அதப் புடிச்சு நிறுத்தும்" என்றார்.

இந்தச் சிறு விடையில் ஒரு பெரிய தொழில்நுட்பத்தின் அடிப்படை அடங்கியிருந்தது. அதை நான் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. உணர்த்தியது நூலன்று, நான் செய்த ஒரு பிழை. அந்தப் பிழையையும் அதனால் கற்ற பாடத்தையும் மாணவத் தோழர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வால்வுகளைத் திறந்து மூடும் கியர்ப் பெட்டிக்கு ஏற்ற கிரீசை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே பொருள். கேட்டவுடன் சுவையற்றதாகத் தோன்றலாம். ஆயினும் நாம் குடிக்கும் தண்ணீரும், நம் வயலுக்குப் பாயும் தண்ணீரும் இத்தகைய பெட்டிகளின் அனுமதி பெற்றே வருகின்றன. ஆதலின் சிறிது பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

பிழை நடந்த விதம்

மறையூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. மூணாற்றில் மழை கொட்டும் நாளிலும் மலையின் மறைவிலுள்ள எங்கள் ஊரில் தூறலோடு நின்றுவிடுவதுண்டு. சந்தனக் காடும் கரும்பு வயலும் எங்கள் செல்வம். எங்கள் ஊர் உருண்டை வெல்லமாகிய மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுவன மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. அவற்றுள் பாம்பாறு எங்கள் ஆறு. அது 1957-இல் கட்டப்பட்ட அமராவதி அணைக்கு நீர் கொண்டு சேர்க்கிறது. ஆறு அருகில் இருந்தாலும் மழை குறைந்த ஊர் ஆதலால் குழாயில் வரும் தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும்.

என் தாய்மாமன் ஒரு பிட்டர். பக்கத்திலிருந்த தண்ணீர் நிலையம் ஒன்றில் சில்லறைப் பராமரிப்பு வேலைகளை ஒப்பந்தமாக எடுத்துச் செய்துவந்தார். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறையில் அவருக்குத் துணையாகச் சென்றேன். அன்று பெரிய குழாயின் வால்வுப் பெட்டிக்குக் கிரீஸ் இட வேண்டியிருந்தது. கையிருப்பில் கிரீஸ் இல்லை. உடுமலைப்பேட்டைக்குப் போய் வாங்கிவர ஒரு நாள் ஆகும். எங்கள் கரும்பு ஆலையில் உருளைகளின் தாங்கிகளுக்காக வாங்கி வைத்த டப்பா ஒன்று இருந்தது.

"கிரீஸ் எல்லாம் ஒண்ணுதானே மாமா? நம்ம ஆலை டப்பாவ எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

மாமா சற்றுத் தயங்கினார். பிறகு, "காலேசுல படிக்கிற புள்ள சொல்றே. கொண்டா மாப்ளே" என்றார்.

கல்லூரியில் படிப்பவன் சொல்கிறான் என்ற ஒரே காரணத்தால், இருபது ஆண்டு அனுபவம் தன் ஐயத்தை விழுங்கிக்கொண்டது. நான் ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தேன். பெட்டியில் மீதமிருந்த பழைய கிரீசின்மேலேயே அதைத் திணித்து மூடியை முடுக்கினோம்.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வால்வுக்குக் கீழே குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிற்று. உடனே வால்வை மூட வேண்டும். மாமா கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருகினார், அசையவில்லை. நீண்ட குழாயைச் செருகி இருவர் தொங்கினர். சிறிது திரும்பி, மீண்டும் இறுகிக்கொண்டது. முழுவதும் மூடி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சரிவிலிருந்த ஒருவருடைய கரும்பு வயலின் வரப்பு அறுந்து, ஆறு மாதப் பயிர் வண்டலில் புதைந்தது. மாமாவின் ஒப்பந்தம் அந்த மாதமே நிறுத்தப்பட்டது. கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். "நான்தான் போட்டேன்" என்றார் மாமா. என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

விடுமுறைக்குச் சென்றபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. பழுது பார்க்கக் கழற்றிய பெட்டியை மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் எனக்குத் திறந்து காட்டினார். அதில் மூன்று காட்சிகள் கண்டேன். கிரீஸ் பெட்டி நிறைய இருந்தது. ஆயினும் பற்கள் செல்லும் வழி மட்டும் வாய்க்கால்போல் அறுபட்டு வெறுமையாக இருந்தது. அடியில் பால்போல் வெளுத்த குழம்பு தேங்கியிருந்தது. வெண்கலச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்து, அவற்றின் பொடி மஞ்சளாக மின்னியது. இம்மூன்றுக்கும் காரணம் தேடியதே என் படிப்பின் திசையை மாற்றியது எனலாம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பெரிய குழாய்களில் பெரும்பாலும் வட்டத் தகடு ஒன்று கால் வட்டம் திரும்பித் திறந்து மூடும் வண்ணத்துப்பூச்சி வால்வு இருக்கும். தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்து அத்தகட்டைக் கையால் நேராகத் திருப்ப இயலாது. ஆதலால் இடையில் ஒரு கியர்ப் பெட்டி வைக்கிறார்கள். அதனுள் எஃகினாலான திருகு ஒன்று, வெண்கலப் பற்சக்கரம் ஒன்றோடு பொருந்தியிருக்கும். இதை வார்ம் கியர் என்பர். கைச்சக்கரமோ மின்மோட்டாரோ திருகைச் சுழற்றும். திருகு சக்கரத்தை மெல்ல நகர்த்தும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். திருகு 40 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்று கொள்வோம். கால் சுற்றுக்கு 10 சுற்று வேண்டும். உராய்வே இல்லையெனில் நம் முறுக்குவிசை 40 மடங்காகும். ஆனால் வார்ம் கியரில் பல்லின்மேல் பல் உருளுவதில்லை, வழுக்கிச் செல்கிறது. அதனால் உராய்வு மிகுதி. திறன் நூற்றுக்கு 30 என்று வைத்தால் கிடைப்பது 12 மடங்கே. வால்வைத் திருப்ப 600 நியூட்டன் மீட்டர் வேண்டுமானால், கைச்சக்கரத்தில் 50 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர் எனில், விளிம்பில் 200 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையின் அளவு. இது ஓர் ஆளால் ஆகக்கூடியது.

மசகு கெட்டுத் திறன் நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது என்க. இப்போது 8 மடங்குதான். கைச்சக்கரத்தில் 75 நியூட்டன் மீட்டர் வேண்டும். விளிம்பில் 30 கிலோ எடையின் அளவு. பல்லில் வழுக்கம் குறைந்ததே தவிர வால்வில் யாதொரு குறையும் இல்லை. ஆயினும் வேண்டிய உழைப்பு ஒன்றரை மடங்காயிற்று. கைக்குப் பதில் மோட்டார் இருந்தாலோ, குறிப்பிட்ட முறுக்கைக் கடந்தவுடன் அது தானே நின்றுவிடும். மூட வேண்டிய வால்வு பாதியில் நிற்கும்.

ஓடும் சக்கரமும் நிற்கும் சக்கரமும்

ஆலை உருளை பருவக்காலத்தில் நாளெல்லாம் ஓடுகிறது. வால்வுப் பெட்டியோ மாதக்கணக்கில் நிற்கிறது. அழைத்த அன்று சில நிமிடம், அதுவும் மெல்ல, பெருஞ்சுமையோடு நகர்கிறது. இவ்விரண்டுக்கும் ஒரே மசகு போதுமா?

செருமானிய அறிஞர் ரிச்சர்டு ஸ்டிரிபெக் 1902-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. ஓடுகின்ற இரு பரப்புகளுக்கு இடையே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிரிக்கிறது. வேகமும் எண்ணெயின் பாகுநிலையும் கூடக்கூடப் படலம் தடிக்கும்; சுமை கூடக்கூட மெலியும். வால்வுப் பெட்டியில் வேகம் மிகக் குறைவு. சுமை மிக அதிகம். எனவே படலம் பிளந்து உலோகத்தோடு உலோகம் உரசும். இந்நிலையில் நம்மைக் காப்பவை இரண்டு. ஒன்று, பாகுநிலை உயர்ந்த எண்ணெய். மெதுவாகச் சுழலும் வார்ம் கியருக்கு ஐ.எஸ்.ஓ. அளவில் 220 முதல் 460 வரையுள்ள எண்ணெய்கள் பொருந்தும். மற்றொன்று, படலம் பிளந்த இடத்திலும் உலோகத்தின்மேல் ஒட்டி நின்று காக்கும் சேர்மானப் பொருள்கள். இவற்றை மிகையழுத்தச் சேர்மானங்கள் என்பர், டப்பாவின்மேல் ஈ.பி. என்ற எழுத்துகள் இவற்றையே குறிக்கும்.

பதம்

பாட்டனாரின் வண்டி மைக்கு வருவோம். கிரீஸ் என்பதும் எண்ணெய்தான். அதில் நூற்றுக்கு 70 முதல் 95 பங்கு வரை எண்ணெயே. வைக்கோற் கரியின் இடத்தில் ஒரு சோப்போ களிமண்ணோ நின்று, கடற்பஞ்சு நீரைப் பிடிப்பதுபோல் எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. மீதி, சேர்மானப் பொருள்கள்.

சர்க்கரை காய்ச்சுபவர் பாகைத் துளி எடுத்து நீரில் விட்டுப் பதம் பார்ப்பார். பதம் முந்தினால் உருண்டை பிடிக்க வராது, பிந்தினால் கல்லாகும். கிரீசுக்கும் பதம் உண்டு. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய என்.எல்.ஜி.ஐ. என்னும் நிறுவனம் அதற்கு எண் வகுத்தது. கிரீசை 25 பாகை செல்சியசில் வைத்து, 60 முறை குத்திக் குழைத்து, அதன்மேல் ஒரு கூம்பை 5 நொடி இறங்கவிடுவர். கூம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவர். 265 முதல் 295 வரை இறங்கினால் 2-ஆம் எண். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இதுவே. 220 முதல் 250 வரையெனில் 3-ஆம் எண், அது கெட்டி. 355 முதல் 385 வரை 0 எண்; 400 முதல் 430 வரை இரட்டைச் சுழி எண். இவை தளதளவென்று ஓடக்கூடியவை.

எங்கள் ஆலை டப்பா 3-ஆம் எண். தாங்கிக்குள் அடைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் அங்கே கெட்டிப் பதம் சிறந்தது. பற்சக்கரத்திற்கு அதுவே குற்றம். பல் ஒருமுறை கிரீசை ஒதுக்கித் தள்ளினால், கெட்டியானது திரும்பி வராது. பல் சென்ற வழி வாய்க்காலாகிவிடும். பெட்டி நிறையக் கிரீஸ் இருந்தும் பல் உலர்ந்தே ஓடும். நான் கண்ட முதற் காட்சி இதுவே. எனவே இத்தகைய பெட்டிக்கு 0 அல்லது இரட்டைச் சுழி எண் வேண்டும். எண்ணெய்க் காப்பு வளையம் பழையதாகிக் கசிவு இருப்பின் 1-ஆம் எண் வரை போகலாம். மறையூரின் மார்கழிக் குளிரில் பதம் மேலும் இறுகும் என்பதையும் மறத்தலாகாது.

நீரும் சோப்பும்

இரண்டாம் காட்சி, அடியில் தேங்கிய பால். இதை அறிய எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பொருளை ஆராய வேண்டும்.

கால்சியச் சோப்பில் அமைந்த பழைய வகைக் கிரீஸ் நீருக்கு அசையாது. ஆனால் 60 பாகை செல்சியசுக்கு மேல் அதை நம்ப இயலாது. சோடியச் சோப்பு வெப்பம் தாங்கும். ஆனால் நீரைக் கண்டால் கரைந்து குழம்பாகும். கை கழுவும் சோப்பும் சோடியச் சோப்புத்தானே! இவ்விரண்டின் நற்குணங்களையும் ஓரளவு சேர்த்துக் கொண்டு வந்தது லித்தியச் சோப்பு. கிளாரன்சு ஏர்ல் என்ற அமெரிக்கர் 1942-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பரவலாக வழங்கும் லித்தியக் கிரீசுக்கு வேண்டிய கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்தே செய்யப்படுகிறது. ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கே. என் பாட்டனாரின் மூங்கிற் குழாயிலிருந்த விளக்கெண்ணெய் இன்றும் கிரீஸ் டப்பாவுக்குள் வேறுருவில் வாழ்கிறது!

இவற்றின் பின் வந்தது கால்சியம் சல்போனேட் வகை. இதில் சுண்ணாம்புக் கல்லின் நுண்துகள்களே அமைப்பின் பகுதியாக நிற்கின்றன. நீர் கலந்தாலும் எளிதில் கரைந்தோடுவதில்லை; துருவைத் தடுக்கும்; பெருஞ்சுமையைத் தாங்கும் குணம் அதன் உடம்பிலேயே உண்டு. மின்கலங்களுக்கு லித்தியத்தின் தேவை பெருகி விலை ஏறியபின், தொழிலுலகின் பார்வை இவ்வகையின்மேல் மேலும் திரும்பியிருக்கிறது.

எங்கள் ஆலை டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் சோடா சோப்பு என்று இருந்தது. தண்ணீர் நிலையத்துப் பெட்டிக்கு, தண்ணீரில் கரையும் கிரீசை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! எழுத்து அன்றும் அங்கேதான் இருந்தது. படிக்கத் தெரிந்தவன் படிக்கவில்லை.

வெண்கலத்தின் குணம்

மூன்றாவது, வெண்கலப் பொடி. அது உரசலால் வந்தது. "அப்படியானால் மிகையழுத்தச் சேர்மானம் மிகுந்த ஒன்றை இடுவோம், லாரியின் பின்னச்சுக்கு இடுவதே வலிமையானது" என்று எண்ணினேன். அது இரண்டாவது பிழையாகியிருக்கும்.

அச்சேர்மானங்களிற் பல கந்தகமும் பாசுபரசும் கொண்டவை. எஃகுப் பல்லுக்கு அவை கவசம். ஆனால் வேகமாக வினைபுரியும் கந்தகம் செம்பைக் கண்டால் விடாது. வெண்கலமோ செம்பு கலந்த உலோகம். எஃகைக் காக்கும் மருந்தே வெண்கலத்தை அரிக்கும் நஞ்சாகலாம். எனவே டப்பாவின்மேல் ஈ.பி. என்ற எழுத்தைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், மஞ்சள் உலோகங்களுக்கு ஏற்றதா என்றும் கேட்க வேண்டும்.

பழையதோடு புதியதைக் கலவாதே

நான் செய்த பிழைகளுள் மற்றொன்று, மீதமிருந்த லித்தியக் கிரீசின்மேல் சோடியக் கிரீசைத் திணித்தது. தனித்தனியே நல்லவையாக இருக்கும் இரண்டு கிரீஸ்கள் கலந்தால் பிடிப்பு விட்டு எண்ணெய் ஒழுகலாம். அல்லது இறுகிக் கட்டியாகலாம். சோப்பு வகை மாறினால் பெட்டியைக் கழுவித் துடைத்து உலர்த்திய பிறகே புதியதை இட வேண்டும்.

உலகின் பெரிய நிலையங்களுக்கும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்க அணுமின் நிலையங்களில் மோட்டாரால் இயங்கும் வால்வுகளின் பெட்டிகளுக்கு நெபுலா என்ற பெயருடைய கால்சியக் கலப்புக் கிரீஸ் நெடுங்காலம் வழங்கியது. அதன் உற்பத்தி நின்றபோது, கைக்குக் கிடைத்த வேறொன்றை அவர்கள் அள்ளி இட்டுவிடவில்லை. மாற்றைத் தேடி, சோதித்து, பழையதோடு அது சேருமா என்று ஆராய்ந்தே மாற்றினர். நான் ஐந்து நிமிடத்தில் முடித்த வேலை அது.

என் சிறு சோதனைகள்

முதுகலை வேதியியலுக்கு இங்கு வந்தபின், ஆசிரியரின் இசைவோடு, கடையில் கிடைத்த ஐந்து வகைக் கிரீஸ்களை வாங்கினேன். நான்கு எளிய சோதனைகள் செய்தேன். நீங்களும் செய்யலாம்.

முதலாவது நீர்ச் சோதனை. ஒரு கரண்டி கிரீசில் ஒரு கரண்டி நீரை விட்டுப் பத்து நிமிடம் குழைக்க வேண்டும். நீர் தெளிவாகத் தனித்து நின்றாலும், கிரீஸ் சிறிதளவு நீரை ஏற்றும் பதம் மாறாதிருந்தாலும் நல்லது. பாலாகி இளகினால் விலக்குக.

இரண்டாவது செம்புச் சோதனை. தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புத் தகட்டைக் கிரீசில் புதைத்து 100 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைத்தேன். ஐந்தில் இரண்டு தகடுகள் கறுத்தன. அவற்றுள் ஒன்று, நான் வலிமை மிக்கது என்று நம்பிய அதே லாரிக் கிரீஸ்.

மூன்றாவது ஓட்டச் சோதனை. தட்டில் பரப்பிக் கரண்டியால் ஒரு கோடு கிழித்து, ஐந்து பாகைக் குளிரிலும் அறை வெப்பத்திலும் வைத்துப் பார்த்தேன். கோடு மெல்ல மூடிக்கொண்டால் பல்லைத் தேடி வரும் கிரீஸ். மூடாமல் நின்றால் வாய்க்கால் விழும் கிரீஸ்.

நான்காவது பொறுமைச் சோதனை. வடிதாளின்மேல் ஒரு நெல்லிக்காய் அளவு வைத்து இரண்டு மாதம் விட்டுவிட்டேன். சிறிது எண்ணெய் கசிவது இயல்பு. அதுவே மசகுத் தொழிலைச் செய்கிறது. ஆனால் எண்ணெயெல்லாம் வடிந்து சோப்பு மட்டும் காய்ந்து நின்றால், நின்றிருக்கும் சக்கரத்திற்கு அது ஆகாது.

நான்கிலும் தேறியது ஒன்றே. அது 0 எண் பதமுள்ள கால்சியம் சல்போனேட் கிரீஸ். அதன் எண்ணெய் 460 அளவினது. விலை, ஆலை டப்பாவைப்போல் பல மடங்கு. புதைந்த கரும்பு வயலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. இச்சோதனைகள் தேர்வைக் குறுக்க மட்டுமே உதவும். முடிவான சொல், பெட்டியைச் செய்தவர் தரும் குறிப்பேட்டினுடையது. அக்குறிப்பேடு கையில் இருந்தால் அதையே முதலில் திறக்க வேண்டும்.

மதகும் சங்கிலியும்

ஒரு பெட்டிக்கு இவ்வளவு ஆரவாரமா என்று சிலர் கேட்கலாம். பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருந்தாலும் தமிழ்நாட்டின் பராமரிப்பில் உள்ளது. 2022 செப்டம்பரில் அதன் மூன்று மதகுகளுள் நடுமதகின் கதவு, எதிர்எடையின் சங்கிலி அறுந்ததால் பெயர்ந்து போயிற்று. கொங்கு நாட்டு வயல்களுக்கு உரிய நீர் பல நாள் சாலக்குடி ஆற்றில் வீணே பாய்ந்தது. 2024 ஆகஸ்டு 10 இரவு, துங்கபத்திரை அணையின் 33 மதகுகளுள் 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்து கதவு அடித்துச் செல்லப்பட்டது. இவற்றுக்குக் காரணம் மசகு என்று நான் சொல்ல வரவில்லை. மலைபோன்ற சுவரைக் கட்டிவிடுகிறோம். ஆயினும் நீர் நிற்பதும் போவதும் கையளவு உறுப்புகளின் நலத்தில் தங்கியிருக்கிறது என்பதையே சொல்கிறேன். அணை கட்டிய ஆண்டைக் கல்லில் பொறிக்கிறோம். கிரீஸ் மாற்றிய நாளை ஒரு தாளிலாவது எழுதி வைக்கிறோமா?

நிறைவாக

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செம்புத் தகடுகளையும் காட்டினேன். கறுத்த தகட்டை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கே மனசு கேக்கல மாப்ளே. ஆனா நீ படிச்ச புள்ளன்னு விட்டுட்டேன்" என்றார்.

"நீங்க கேட்டிருக்கணும் மாமா. நானும் டப்பாவப் படிச்சிருக்கணும்" என்றேன்.

வயல் இழந்தவரின் வீட்டுக்கு இருவரும் சென்றோம். டப்பா என்னுடையது என்பதை அவரிடம் நானே சொன்னேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார். பிறகு தண்ணீர் நிலையத்து அலுவலரிடமும் அதையே எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் மாமாவை மறுபடி வேலைக்கு அழைத்தார்கள்.

இருவருமாகப் பெட்டியைக் கழுவி, புதிய வெண்கலச் சக்கரத்தைப் பொருத்தி, தேர்ந்த கிரீசை விரிவுக்குச் சிறிது இடம் விட்டு நிரப்பினோம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வால்வைச் சிறிது மூடித் திறப்பது என்று விதி வகுத்துக்கொண்டோம். நின்றே கிடக்கும் பல்லில் மசகு புதுப்பிக்கப்பட வேறு வழியில்லை. எங்கள் ஆலையிலும் ஒரு மாற்றம் செய்தோம். உணவின்மேல் தற்செயலாகப் பட்டாலும் கேடில்லாத எச்.1 வகைக் கிரீசையே இப்போது உருளைகளுக்கு இடுகிறோம். சாற்றுக்கு அருகில் இருப்பது அதுவே ஆதலால்.

தோழர்களே! நாம் வெவ்வேறு ஊர்களிலிருந்து இப்பல்கலைக்கழகத்திற்குப் படிக்க வந்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பும்போது நம் சொல்லுக்கு நாம் ஈட்டாத ஒரு மதிப்பு கிடைக்கும். "படித்த பிள்ளை சொல்கிறது" என்று அனுபவமுள்ளவர்கள் தம் ஐயத்தை அடக்கிக்கொள்வார்கள். அந்த மதிப்பைக் கொண்டு நாம் செய்யும் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் அவர்களே. ஆகவே விடை சொல்லும் முன், சில கேள்விகள் கேட்போம். இது எவ்வளவு விரைவாக ஓடுகிறது? எவ்வளவு சுமை தாங்குகிறது? எவ்வளவு நாள் நிற்கிறது? நீர் படுமா? எந்த உலோகம்? முன்பு இட்டது என்ன?

மறையூர்ப் பெட்டியின் மூடிக்குள் இப்போது ஒரு தகரத் துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் கிரீசின் பெயர், பதத்தின் எண், இட்ட நாள் ஆகிய மூன்றும் மாமாவின் கையெழுத்தில் உள்ளன. அடுத்து அப்பெட்டியைத் திறப்பவர் யாராயினும், அவருக்கு ஐயம் வேண்டியதில்லை.